மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பை உண்மையில் நடத்தியது யார்?

கேள்வி இதுதான்: “ரோசா பார்க்ஸ் என்ற தையல் வேலை செய்யும் பெண், களைப்பில் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார், மார்ட்டின் லூதர் கிங் வந்து போராட்டத்தை நடத்தினார், சட்டம் மாறியது என்று படித்திருக்கிறோம். அந்த ஊரில் உரிமைச் சங்கம் என்று ஏதாவது இருந்ததா? இருந்தால் என்ன வேலை செய்தது?”

இருந்தது. ஒன்று அல்ல, மூன்று. கிங் வருவதற்குப் பல வருஷம் முன்பே இரண்டு இருந்தன, மூன்றாவது போராட்டத்தின் முதல் நாளே பிறந்தது. கிங் வந்தபோது பந்தல் போட்டு, இலையும் போட்டாகிவிட்டது என்பதுதான் நிஜம். இதைச் சொல்வதால் கிங்கின் பெருமை குறையாது. ஆனால் பந்தல் போட்டவர்களின் கதைதான் எனக்குச் சுவாரசியம், அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஊர். மான்ட்கோமரி அலபாமா மாநிலத்தின் தலைநகரம். 1950களில் மக்கள்தொகையில் சுமார் 40 சதவீதம் கறுப்பினத்தவர். ஆனால் பேருந்தில் ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர்கள்தான், ஏனென்றால் வெள்ளையர்களிடம் கார் இருந்தது. முதல் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு. காலியாகக் கிடந்தாலும் மற்றவர் உட்காரக் கூடாது. கறுப்பினப் பயணி முன் கதவில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, பெரும்பாலும் மறுபடி இறங்கிப் பின் கதவு வழியாக ஏற வேண்டும். அதற்குள் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. இந்த ஊரில் 1900லேயே, டிராம் வண்டிகளில் பிரித்து உட்கார வைக்கும் சட்டம் வந்தபோது, கறுப்பின மக்கள் டிராமைப் புறக்கணித்திருக்கிறார்கள். ஆக 1955இல் வந்தது திடீர் யோசனை இல்லை.

இப்போது சங்கங்களுக்கு வருவோம். முதலாவது என்ஏஏசிபி, அதாவது கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம். 1909இல் நியூயார்க்கில் தொடங்கியது. நாடு முழுக்கக் கிளைகள், மான்ட்கோமரியிலும் ஒன்று. 1940களில் அந்தக் கிளையை உலுக்கி எழுப்பியவர் இ.டி. நிக்சன். ரயிலில் படுக்கைப் பெட்டிப் பணியாளர். அதிகம் படிக்காதவர், ஆனால் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் இயங்கிய படுக்கைப் பெட்டிப் பணியாளர் தொழிற்சங்கத்தில் பழுத்தவர். யாரையாவது போலீஸ் அடித்து உள்ளே போட்டால் இரவில் கதவைத் தட்டுவது அவர் வீட்டைத்தான். சம்பளம் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் வருவதால், உள்ளூர் வெள்ளை முதலாளி யாரும் அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது. இந்த ஒரு விஷயம் அவருக்கு எவ்வளவு தைரியம் தந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரோசா பார்க்ஸ் இந்தக் கிளைக்கு வந்தது 1943 டிசம்பரில். தன் பள்ளித் தோழி ஜானி காரின் படத்தைச் செய்தித்தாளில் பார்த்து, ‘அட, இந்தச் சங்கத்தில் பெண்களும் இருக்கிறார்களா’ என்று கூட்டத்துக்குப் போனார். அன்று பார்த்து நிர்வாகிகள் தேர்தல். வந்திருந்த ஒரே பெண் அவர்தான். குறிப்பெடுக்க ஆள் வேண்டும், செயலாளர் ஆகிவிட்டார். பெண்கள் இடம் சமையலறை என்று நிக்சன் சொல்வாராம். அப்படியென்றால் நான் யார் என்று பார்க்ஸ் கேட்டால், எனக்கு ஒரு செயலாளர் தேவை, நீ நன்றாக வேலை பார்க்கிறாய் என்பாராம். அந்தக் கால ஆண்கள் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போல.

செயலாளர் வேலை என்றால் என்ன? கடிதம், சந்தா கணக்கு, அப்புறம் மிக முக்கியமாக வாக்குமூலம் வாங்குவது. யாரையாவது கும்பல் அடித்திருக்கும், ஒரு பெண்ணை யாராவது கெடுத்திருப்பார்கள், ஒரு கொலைக்கு வழக்கே இருக்காது. அந்தக் குடும்பத்தைத் தேடிப்போய் நடந்ததை எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். சொல்வார்கள், ஆனால் கையெழுத்துப் போட மாட்டார்கள். போட்டால் குடியிருக்கும் இடமும் போகும், வேலையும் போகும், சில சமயம் உயிரும் போகும். பார்க்ஸ் பத்து வருஷத்துக்கு மேல் பார்த்தது இந்த வேலையைத்தான். பெரும்பாலான வழக்குகளில் ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1944 செப்டம்பரில் ஆபவில் என்ற ஊரில், தேவாலயத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ரீசி டெய்லர் என்ற இளம் தாயை ஆறு வெள்ளை இளைஞர்கள் துப்பாக்கி முனையில் கடத்திப் பலாத்காரம் செய்தார்கள். விசாரிக்கச் சங்கம் அனுப்பியது ரோசா பார்க்ஸை. நாடு தழுவிய அளவில் ஆதரவுக் குழு அமைத்தார்கள், ஆளுநருக்குக் கடிதங்கள் குவிந்தன. அப்படியும் இரண்டு கிராண்ட் ஜூரிகள், அதாவது வழக்கு நடத்தலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுக்கள், குற்றம் சாட்டவே மறுத்துவிட்டன. அலபாமா சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டது 2011இல். டெய்லர் அப்போது உயிரோடு இருந்தார் என்பதுதான் ஒரே ஆறுதல்.

வாக்காளர் பதிவு இன்னொரு தலைவலி. தேர்வு எழுத வேண்டும், முடிவை எழுத்தரின் மனம் போல அறிவிப்பார்கள். பார்க்ஸ் இரண்டு தடவை தோற்கடிக்கப்பட்டார். மூன்றாவது தடவை, கேள்விகளையும் தான் எழுதிய பதில்களையும் வேறொரு தாளில் கையால் பிரதி எடுத்துக்கொண்டார், மறுத்தால் வழக்குப் போடலாம் என்று. 1945இல் பதிவு கிடைத்தது. உடனே அடுத்த அடி: வாக்கு வரி. ஆண்டுக்கு ஒன்றரை டாலர்; 21 வயதிலிருந்து பாக்கியையும் சேர்த்துக் கட்டினால்தான் ஓட்டு. அவர் 11 வருஷத்துக்கு 16.50 டாலர் கட்டினார். தையல் கூலியில் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. இந்தப் பதிவு வேலைக்கென்றே ஊரில் ரூஃபஸ் லூயிஸ் என்று ஒருவர் இருந்தார், கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர். அவர் ஒரு இரவு விடுதி நடத்தினார். வாக்காளராகப் பதிவு செய்தவர்தான் உள்ளே வரலாம்! கூத்தாட வேண்டுமானால் முதலில் குடிமகனாகு என்பது அவர் கொள்கை. எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர். பின்னால் மறுபடி வருவார், நினைவில் வையுங்கள்.

கிளையின் இளைஞர் குழுவைக் கவனித்துக்கொண்டதும் பார்க்ஸ்தான். அந்தப் பிள்ளைகளை, வெள்ளையருக்கென்று இருந்த மைய நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் கேட்கச் சொல்வார். கிடைக்காது என்று தெரியும். கேட்டுப் பழக வேண்டும், அதுதான் பயிற்சி.

இரண்டாவது அமைப்பு மகளிர் அரசியல் மன்றம். 1946இல் மேரி ஃபேர் பர்க்ஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியை தொடங்கியது. உறுப்பினர்கள் பெரும்பாலும் அலபாமா ஸ்டேட் கல்லூரி ஆசிரியைகள், பள்ளி ஆசிரியைகள். 1950இல் தலைமைக்கு வந்த ஜோ ஆன் ராபின்சனுக்குப் பேருந்து விஷயத்தில் சொந்தக் கணக்கு ஒன்று இருந்தது. 1949 டிசம்பரில், கிட்டத்தட்டக் காலியாக இருந்த பேருந்தில் தெரியாமல் முன்பக்கம் உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர் கையை ஓங்கிக்கொண்டு வந்து கத்த, அழுதுகொண்டே இறங்கி ஓடினார். 1954 மே 21 அன்று, அதாவது பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நான்காம் நாள், அவர் மேயர் கேய்லுக்குக் கடிதம் எழுதினார். மரியாதையான கடிதம்தான். ஆனால் பயணிகளில் முக்கால் பங்கு நாங்கள், நாங்கள் ஏறாவிட்டால் பேருந்து ஓடாது, புறக்கணிப்பைப் பற்றி 25க்கும் மேற்பட்ட அமைப்புகள் பேசிக்கொண்டிருக்கின்றன என்று உள்ளே இருந்தது. பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை வருஷம் முன்பு எழுதியது இது. திட்டம் தயார், நாள்தான் குறிக்கவில்லை.

நாள் குறிக்க ஒரு வாய்ப்பு 1955 மார்ச் 2இல் வந்தது. கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவி எழ மறுத்துக் கைதானாள். சங்கத்தின் இளைஞர் குழுவுக்கு வந்து போகிறவள்தான். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள், இது வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். சின்னப் பெண், படபடப்பானவள், ஏழைக் குடும்பம் என்று காரணங்கள். சில மாதங்களில் கர்ப்பமாகவும் ஆனாள். சட்டச் சிக்கலும் இருந்தது: மேல்முறையீட்டில் இனப் பிரிவினைக் குற்றச்சாட்டைக் கைவிட்டுவிட்டு, போலீஸைத் தாக்கியதாகச் சொன்னதை மட்டும் நீதிமன்றம் வைத்துக்கொண்டது. பிறகு எந்தச் சட்டத்தை எதிர்த்து வாதாடுவது? தந்திரக் கணக்காகப் பார்த்தால் அவர்கள் செய்தது புரிகிறது. அந்தப் பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால் ஜீரணிக்க முடியவில்லை. அக்டோபரில் மேரி லூயிஸ் ஸ்மித் என்ற 18 வயதுப் பெண்ணும் கைதானார். அதுவும் அப்படியே போயிற்று.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை. பேருந்தின் நடுவரிசையில் இருந்த கறுப்பினத்தவர் நாலு பேரையும், நின்றுகொண்டிருந்த ஒரே ஒரு வெள்ளையருக்காக எழச் சொன்னார் ஓட்டுநர் பிளேக். 1943இல் பார்க்ஸைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட அதே ஆள். மூன்று பேர் எழுந்தார்கள். பார்க்ஸ் எழவில்லை. உடல் களைப்பு எல்லாம் இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லிவிட்டார். அந்தக் கோடைக்காலத்தில்தான் டென்னசியில் ஹைலாண்டர் பள்ளி நடத்திய உரிமைப் பயிலரங்கில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்திருந்தார். நிக்சன் ஜாமீனில் எடுத்தார். கூடவே, இந்த வழக்கை முன்னிறுத்தலாமா என்று கேட்டார். கணவரோடும் தாயோடும் பேசிவிட்டுச் சரி என்றார் பார்க்ஸ்.

அன்று நள்ளிரவில் ராபின்சன் கல்லூரிக்குப் போனார். வணிகவியல் துறைத் தலைவர் சாவி கொடுத்தார், இரண்டு மாணவர்கள் துணைக்கு. விடிய விடிய சைக்ளோஸ்டைல் மெஷின் ஓடியது. ஒரு தாளில் மூன்று நோட்டீஸ் வருகிற மாதிரி அடித்து வெட்டினார்கள், பல்லாயிரம் பிரதிகள். திங்கட்கிழமை பேருந்தில் ஏறாதீர்கள், இவ்வளவுதான் செய்தி. நடந்தது அரசுப் பணத்தில் இயங்கும் கல்லூரியில், அரசுத் தாளில். தெரிந்தால் வேலை போகும். ராபின்சன் காலை எட்டு மணி வகுப்பையும் எடுத்துவிட்டு, அதன் பிறகு காரில் பள்ளி பள்ளியாகப் போய்க் கட்டுகளை இறக்கினார். மாணவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மிச்ச விளம்பரத்தை எதிர்த்தரப்பே இலவசமாகச் செய்து கொடுத்தது. நிக்சன் ஒரு நோட்டீஸை வெள்ளையர் பத்திரிகையின் நிருபரிடம் சேர்த்துவிட்டார். ஞாயிறு காலை முதல் பக்கத்தில் வந்தது. நோட்டீஸ் போகாத வீட்டுக்கும் விஷயம் போயிற்று. பேருந்தில் ஏற வருகிறவர்களை யாரும் மிரட்டாமல் பாதுகாக்கிறோம் என்று போலீஸ் மோட்டார் சைக்கிள்களை வண்டிகளுக்குப் பின்னால் அனுப்பினார்கள். அதைப் பார்த்து, ஏறலாமா என்று தயங்கி நின்ற கொஞ்சப் பேரும் ஏறாமல் போய்விட்டார்கள். திங்கட்கிழமை பேருந்துகள் காலியாக ஓடின. பார்க்ஸுக்கு 10 டாலர் அபராதமும் 4 டாலர் கோர்ட்டுச் செலவும் விதித்தார்கள்.

அன்று மதியம் பிறந்ததுதான் மூன்றாவது அமைப்பு, மான்ட்கோமரி முன்னேற்றச் சங்கம். கிங்கின் பெயரை முன்மொழிந்தவர் நம் இரவு விடுதிக்காரர் ரூஃபஸ் லூயிஸ். கிங்குக்கு 26 வயது, ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எந்தக் கோஷ்டியிலும் இல்லை, யாருக்கும் கடன்படவில்லை, அதுதான் தகுதி. நிக்சன் பொருளாளர். மாலையில் ஹோல்ட் ஸ்ட்ரீட் தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள், கிங் பேசினார். அந்தப் பேச்சைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள், நான் தாண்டிப் போகிறேன்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆரம்பத்தில் அவர்கள் கேட்டது பிரிவினையை ஒழிப்பதை அல்ல. மரியாதையாக நடத்துங்கள், முதலில் வந்தவர் முதலில் உட்காரட்டும், நாங்கள் பின்னாலிருந்தும் நீங்கள் முன்னாலிருந்தும் நிரப்பிக்கொண்டு வருவோம், கறுப்பினத்தவர் அதிகம் வரும் வழித்தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை வையுங்கள். இவ்வளவே. அலபாமாவிலேயே மோபில் நகரில் இந்த மாதிரி உட்காரும் முறை நடைமுறையில் இருந்தது. இதைக்கூடத் தர மாட்டோம் என்று நகராட்சி முரண்டு பிடித்ததால்தான் விவகாரம் சட்டத்தின் ஆணிவேருக்கே போனது.

சரி, நாற்பதாயிரம் பேர் வேலைக்கு எப்படிப் போவது? முதல் சில நாட்கள் கறுப்பின டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற பழைய விதியை நகராட்சி தூசி தட்டி எடுத்து மிரட்டியது. கிங் உடனே லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரத்துப் பாதிரியார் ஜெமிசனுக்குப் போன் போட்டார். 1953இல் அங்கே ஒரு சிறு புறக்கணிப்பு நடந்து, கார்களைப் பகிர்ந்து சமாளித்திருந்தார்கள். அந்த அனுபவத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். போக்குவரத்துக் குழுவின் தலைவர்? ரூஃபஸ் லூயிஸேதான்.

சுமார் 300 கார்கள். காலையில் ஏற்றிக்கொள்ள நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள், மாலையில் திரும்பி வர அதே அளவு இடங்கள், நகர மையத்தில் ஒரு கறுப்பினத்தவரின் வாகன நிறுத்துமிடம் மாறி ஏறும் நிலையம். காசு வாங்கினால் உரிமம் இல்லாமல் டாக்சி ஓட்டியதாக வழக்கு வரும், அதனால் பயணியிடம் கட்டணம் கிடையாது. கூட்டங்களில் கொடுக்கும் நன்கொடையில்தான் பெட்ரோல். பிறகு தேவாலயங்களின் பெயரில் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கினார்கள். பக்கவாட்டில் தேவாலயத்தின் பெயர் எழுதியிருக்கும், மக்கள் ‘உருளும் தேவாலயம்’ என்றார்கள். உள்ளூர் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பாலிசியை ரத்து செய்தன. கடைசியில் லண்டன் லாயிட்ஸ் மூலமாக இன்சூரன்ஸ் எடுத்தார்கள். அலபாமாவின் கார்களுக்கு லண்டனில் காப்பீடு! வேடிக்கை என்னவென்றால், சமையல்காரி வராவிட்டால் தங்கள் வீட்டில் அடுப்பெரியாது என்பதால் வெள்ளைக்கார எஜமானிகள் பலரும் தாங்களே காரில் போய் ஏற்றி வந்தார்கள். இதை நிறுத்துங்கள் என்று மேயர் கேட்டுப் பார்த்தார். அப்படியென்றால் மேயரே வந்து எங்கள் வீட்டில் துவைத்துச் சமைக்கட்டும் என்கிற ரீதியில் பதில் வந்தது.

பணம்? வெளியிலிருந்து நன்கொடை பின்னால் வந்தது. முதலில் கைகொடுத்தது ஜார்ஜியா கில்மோர் போன்றவர்கள். அவர் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர். தெரிந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி வறுவல், மீன், சாண்ட்விச், கேக், பை என்று செய்து விற்று, வாரா வாரம் கூட்டத்தில் பணத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். குழுவின் பெயர் ‘எங்கிருந்தும் வராத மன்றம்’. யார் செய்தார்கள், யார் வாங்கினார்கள் என்று யாராவது துருவினால், பணம் எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லிவிடலாம். சமைப்பவர்களில் பலர் வெள்ளையர் வீட்டில் வேலை பார்ப்பவர்கள். பெயர் தெரிந்தால் அன்றே வேலை போய்விடும். வாங்கியவர்களில் வெள்ளையரும் உண்டு என்பது இன்னொரு தமாஷ். ஊரின் வேறொரு பகுதிப் பெண்கள் ‘நட்பு மன்றம்’ என்று போட்டிக்கு ஆரம்பித்தார்கள். இந்த வாரம் யார் அதிகம் என்று கூட்டத்தில் கைதட்டல் பறக்கும். புறக்கணிப்பை நடத்தியதற்காகக் கிங் மீது வந்த வழக்கில் சாட்சி சொன்ன பிறகு கில்மோருக்கு வேலை போயிற்று. கிங் யோசனை சொல்லி உதவ, வீட்டிலேயே சமைத்துப் போட ஆரம்பித்தார். சங்கத்தின் ரகசிய ஆலோசனைகள் பலவும் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தன.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. 1956 ஜனவரி 30 கிங் வீட்டில் குண்டு, பிப்ரவரி 1 நிக்சன் வீட்டில். ராபின்சனின் கார் மீது அமிலம் ஊற்றினார்கள். இனப் பிரிவினையைக் காப்பாற்றக் கிளம்பிய வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தில் மேயரே சேர்ந்துகொண்டார். பிப்ரவரியில், 1921இன் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தை எடுத்துப் போட்டு 89 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். பயந்து ஒளிவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். தலைவர்கள் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு தாங்களாகவே போய், என் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, இவர்கள் காந்தியிடம் பாடம் படித்திருக்கிறார்கள் என்று பாராட்டிய வெள்ளை நூலகர் ஜூலியட் மார்கனைத் தொலைபேசி வசவுகளும் கல்லெறியும் விடவில்லை. 1957இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

வழக்கை வென்றது பார்க்ஸின் பெயரால் அல்ல. அவர் மேல்முறையீடு மாநில நீதிமன்றங்களில் இழுத்தடிக்கப்படும் என்று தெரிந்ததால், 25 வயதே ஆகியிருந்த வழக்கறிஞர் ஃப்ரெட் கிரே 1956 பிப்ரவரி 1 அன்று நேராகக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். வாதிகளில் தீர்ப்பு வரை நின்றது நாலு பெண்கள்: அரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், அப்புறம் கிளாடெட் கோல்வின். ஆமாம், வேண்டாம் என்று ஒதுக்கிய அதே பெண் சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசினாள். ஜூன் 5 அன்று மூன்று நீதிபதிகளில் இருவர் பிரிவினை செல்லாது என்றார்கள்.

நவம்பர் 13 அன்று நடந்தது சினிமா மாதிரி. கார் பகிர்வே சட்டவிரோதம், தடை வேண்டும் என்று நகராட்சி போட்ட மனு விசாரணையில் இருந்தது. தடை கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. கிங் நொந்துபோய் உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் ஒரு நிருபர் துண்டுத் தாளை நீட்டினார். ஜூன் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது என்றிருந்தது அதில். மதியம் தடையும் வந்தது. உத்தரவின் நகல் ஊருக்கு வந்து சேரும்வரை, கடைசி ஐந்து வாரமும் மக்கள் நடந்தே போனார்கள். டிசம்பர் 21இல் பேருந்து ஏறினார்கள். மொத்தம் 381 நாட்கள்.

இதற்கிடையில் என்ஏஏசிபி என்ன ஆனது? 1956 ஜூனில் அலபாமா அதன் செயல்பாட்டுக்கே தடை வாங்கியது. உறுப்பினர் பட்டியலைக் கொடு என்றது. கொடுத்தால் ஒவ்வொருவர் வேலையும் வீடும் போகும். சங்கம் மறுத்தது, ஒரு லட்சம் டாலர் அபராதம். 1958இல் உச்ச நீதிமன்றம், பட்டியலைக் கேட்பது கூடிச் சேரும் உரிமையையே பறிப்பது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இன்றைக்கும் அமெரிக்காவில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. அப்படியும் அலபாமாவில் சங்கம் மறுபடி இயங்க 1964 ஆயிற்று.

வெற்றிக்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு திசை. பார்க்ஸ் தம்பதிக்கு வேலை கிடைக்கவில்லை, 1957இல் டெட்ராய்ட் போய்விட்டார்கள். நிக்சன், படித்தவர்கள் என்னை ஓரங்கட்டுகிறார்கள் என்ற கசப்போடு பொருளாளர் பதவியை விட்டார். கிங் 1960இல் அட்லாண்டா சென்றார். பெரும்பாலான நூல்களில் கதை இங்கே முடிந்துவிடும். மான்ட்கோமரி முன்னேற்றச் சங்கத்துக்கு முடியவில்லை.

பூங்கா வழக்கு நடந்தது. 1957இல் வெள்ளையருக்கான ஓக் பூங்கா வழியாக நடந்ததற்காக ஜார்ஜியா கில்மோரின் மகனைப் போலீஸ் அடித்தது. சங்கத்தின் ஆதரவோடு தொடுத்த வழக்கில் கில்மோரும் ஒரு வாதி. எல்லோருக்கும் திறந்துவிடுவதற்குப் பதில் நகராட்சி எல்லாப் பூங்காக்களையும் 1959 தொடக்கத்தில் மூடிவிட்டது. நீச்சல் குளத்தை மண் போட்டு நிரப்பியது, விலங்குக் காட்சியகத்து மிருகங்களை விற்றது. தனக்கும் வேண்டாம் என்கிற அந்த வன்மத்தை நினைத்தால் இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. பூங்காக்கள் 1965இல் திறந்தன. கில்மோர் பெயரிலான வழக்கு வேறு வடிவங்களில் நீண்டு, 1974இல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

பள்ளிக்கூட வழக்கு ஜானி காருடையது. 1943இல் ரோசா பார்க்ஸ் செய்தித்தாளில் பார்த்த படத்தில் இருந்தவர். 1964இல் அவரும் கணவரும் தங்கள் மகனின் பெயரில் போட்ட வழக்குதான் மான்ட்கோமரி பள்ளிகளை எல்லா இனத்தவருக்கும் திறந்துவிட்டது. 1967இல் மான்ட்கோமரி முன்னேற்றச் சங்கத்தின் தலைவரானார். அதற்குள் கேமராக்கள் எல்லாம் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தன. 2008இல், 97ஆவது வயதில் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.